ரெயின்கோட் போட்டு ஓடும் பையன்களுக்கும் அவர்களுடைய மாஸ்டர்களுக்கும்

மார்ச் பிறந்தாலே எனக்கு ஒரு கவலை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, பாலக்காடு நாற்பது டிகிரியைத் தொடுகிற காலம் அது. அந்த வெயிலில் ஸ்வெட்டர் மாட்டி, மேலே ரெயின்கோட் போட்டு, தென்னந்தோப்பு ஓரமாக ஒரு பையன் ஓடுகிறான் என்றால் எங்கோ பாக்ஸிங் போட்டி நெருங்குகிறது, தன் எடைப்பிரிவுக்குள் வர எடையை இறக்குகிறான் என்று அர்த்தம். அப்படி ஓடியவன் ஒருத்தன் இந்த வாரமும் வந்தான். கெண்டைக்கால் இரண்டும் இழுத்துப் பிடித்திருந்தது, சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போயிருக்கிறது. கூட வந்த அப்பா சொன்னார்: "ரெண்டு கிலோதானுங்க டாக்டர் குறைக்கணும். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தி விட்டீங்கன்னா நாளைக்கு மேட்ச் ஆடிருவானுங்க." பையனை நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைத்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அப்பாவுக்கு என் மேல் கோபம்.

இந்தப் பையன்கள் எல்லோரும் வீடியோவில் பார்ப்பது புரொஃபஷனல் பாக்ஸிங். "அவங்க ஒரே வாரத்துல ஏழெட்டுக் கிலோ இறக்கறாங்களே டாக்டர்" என்கிறார்கள். இறக்குகிறார்கள்தான். எந்த விதிக்குள் நின்று இறக்குகிறார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

புரோ பாக்ஸிங்கில் நெடுங்காலமாக 17 எடைப்பிரிவுகள். அடியில் 105 பவுண்டு, அதாவது 47.6 கிலோ. லைட்வெயிட் 135 பவுண்டு, வெல்டர்வெயிட் 147, மிடில்வெயிட் 160. 200 பவுண்டைத் தாண்டினால் ஹெவிவெயிட், அதற்கு மேல்வரம்பே கிடையாது. (2020-இல் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசி பிரிட்ஜர்வெயிட் என்று 224 பவுண்டில் இன்னொன்றைச் சேர்த்தது.) அங்கே எடை பார்ப்பது பெரும்பாலும் சண்டைக்கு முந்தைய நாள். தராசை விட்டு இறங்கியதும் தண்ணீர், சோறு, தூக்கம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரு முழு நாள் கையில் இருக்கிறது. ரிங்கில் ஏறும்போது அந்த எடையில் அவர்கள் இருப்பதில்லை.

அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2000-இல் நியூயார்க்கில் ஆர்ட்டுரோ கட்டி, ஜோயி கமாஷ் என்ற இருவரின் சண்டைக்கு ஒப்பந்த எடை 141 பவுண்டு. சண்டை இரவில் ஒளிபரப்பு நிறுவனத்தின் தராசில் ஆர்ட்டுரோவின் எடை 160 பவுண்டு. கமாஷ் இரண்டாவது ரவுண்டிலேயே விழுந்தார். மூளையில் காயம், அதோடு அவர் பாக்ஸிங் முடிந்தது. பட்டம் வழங்கும் இன்னொரு அமைப்பான ஐபிஎஃப் தன் பட்டச் சண்டைகளில் மறுநாள் காலையிலும் எடை பார்த்து, வரம்புக்கு மேல் பத்து பவுண்டு தாண்டக் கூடாது என்று வைத்திருந்தது இப்படி ஊதிப்போய் வருவதைத் தடுக்கத்தான்.

சரி, கேட்ச்வெயிட். "எடை கொஞ்சம் கூடிட்டா கேட்ச்வெயிட்ல ஆடிக்கலாம்" என்று ஒரு மாஸ்டரே என்னிடம் சொன்னார். தலையில் அடித்துக்கொண்டேன். கேட்ச்வெயிட் என்பது எடை கூடியவனுக்குத் தரும் சலுகை அல்ல. சண்டைக்கு மாதங்களுக்கு முன்பே இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொள்ளும் எடை அது. 2009-இல் பாக்கியாவ், கோட்டோ இருவரும் 145 பவுண்டில் மோதினார்கள், வெல்டர்வெயிட் வரம்பு 147 என்றாலும். 2013-இல் மேவெதருடன் ஆட கனெலோ 152-க்கு இறங்கினார், அந்தப் பிரிவின் வரம்பு 154. பேரம் பேசும் பலம் யாரிடம் இருக்கிறதோ அவருக்குச் சாதகமாக எண் விழும், பெரிய உடம்புக்காரர் வற்றுவார். எனக்குப் பிடிக்காத வழக்கம்தான், ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்.

எடை தவறுவது வேறு கதை. 2024-இல் ரயன் கார்சியா 140 பவுண்டு சண்டைக்கு 143.2 பவுண்டோடு வந்து நின்றார். சண்டை நடந்தது, ஆனால் அவர் ஜெயித்தாலும் பட்டம் அவருக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

நம் பையன்கள் ஆடுவது ஜில்லா, மாநில அளவிலான அமெச்சூர் போட்டி. அங்கே கேட்ச்வெயிட்டே கிடையாது. எடை பார்ப்பது ஆடுகிற நாள் காலையில். சில மணி நேரத்தில் ரிங். ஜெயித்தால் அடுத்த ஆட்டத்து நாள் காலையில் மறுபடி தராசு. புரோவுக்குக் கிடைக்கிற அந்த ஒரு நாள் இவனுக்கு எங்கே? வற்றிய உடம்போடு தலையில் குத்து வாங்கப் போகிறான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் முதல் நாள் 50 கிலோவுக்குள் வந்து மூன்று பேரை ஜெயித்தார். ராத்திரி முழுக்கத் தூங்காமல் பாடுபட்டும் மறுநாள் காலையில் 100 கிராம் கூடுதல். அது மல்யுத்தம், ஆனால் காலைத் தராசு ஒன்றுதான்.

வியர்வை கொழுப்பு அல்ல. இதை எத்தனை முறை சொல்வது? ரெயின்கோட்டில் ஓடி இறங்கிய இரண்டு கிலோ இரண்டு லிட்டர் தண்ணீர். கூடவே உப்பு. இரத்தம் ஓட வேண்டிய தண்ணீர் அது. குடித்தால் திரும்பி வரும், குடிக்காவிட்டால் எங்களிடம் வருவீர்கள். 1997 கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை இறக்கும்போதே செத்துப்போனார்கள். அதற்கப்புறம் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் உடையையும் சானா என்ற சூட்டு அறையையும் தடை செய்தார்கள்.

மெடிக்கல் ஷாப்பில் சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும் ஃபுரோசமைடு வாங்கி விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு நாங்கள் அளந்து எழுதும் மாத்திரை அது. ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இருக்கிறது, பிடிபட்டால் தடைதான். அந்த அப்பா கேட்ட குளுக்கோஸுக்கும் விதி உண்டு: பன்னிரண்டு மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றினால், ஆஸ்பத்திரி சிகிச்சையாக இல்லாத பட்சத்தில், அதுவும் விதிமீறல். இளநீர் போதும் என்பார்கள் நம்மூரில். நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போனது சோடியம். சிறுநீரகம் தடுமாறுகிறவனுக்கு அந்தப் பொட்டாசியமே வினையாகும். ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக.

மாஸ்டர்களே, பையனின் இயல்பான எடை என்ன என்று போட்டிக்கு இரண்டு மாதம் முன்னாலேயே பாருங்கள். வாரத்துக்கு அரை கிலோ இறங்கினால் போதும். அதற்குள் வராதவனை அடுத்த பிரிவில் இறக்குங்கள். வளருகிற வயதுப் பையன் போன வருஷப் பிரிவில் நிற்க மாட்டான், நிற்கவும் கூடாது. சிறுநீர் கறுத்தாலோ, பேச்சு குழறினாலோ, வெயிலில் ஓடியவனுக்கு வியர்வை நின்று உடம்பு கொதித்தாலோ தராசை மறந்துவிட்டு அவனை நிழலுக்குத் தூக்குங்கள், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றுங்கள், வண்டியைக் கூப்பிடுங்கள். அப்பாக்களே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், அந்த ரெயின்கோட்டை ஜூன் மாதம் மழைக்கு எடுத்து வையுங்கள்.