கோகோ: பேரரசியா, கோப்பெருந்தேவியா?

பேரரசி கோம்யோ, அவர் மகள் பேரரசி கோகென். 8ஆம் நூற்றாண்டு ஜப்பானைப் பற்றித் தமிழில் இப்படி எழுதினால், இருவருமே அரியணை ஏறி ஆண்டவர்கள் என்றுதான் தோன்றும். ஆண்டது மகள் மட்டும்தான். தாய், பேரரசர் ஷோமுவின் மனைவி. ஜப்பானியருக்கு இந்தக் குழப்பமே இல்லை. ஆள்பவர் ஆணோ பெண்ணோ ‘தென்னோ’. ஆள்பவரின் முதன்மை மனைவி ‘கோகோ’.

கோகோ சீனத்திலிருந்து போன சொல். இரண்டு எழுத்துகளில் முதலாவது பேரரசரையும் அடுத்தது அவருடைய தேவியையும் குறிக்கும். ‘கோ’ என்றதும் நம் கோமகனும் கோவேந்தனும் நினைவுக்கு வரலாம்; ஒலிதான் ஒன்று, உறவு கிடையாது. ஜப்பானியரின் சொந்தச் சொல் ‘கிசாகி’.

அன்றைய அரண்மனையில் பேரரசருக்கு மனைவியர் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு ஹி, புனின், ஹின் என்று படிகள் இருந்தன. எல்லோருக்கும் மேலே கோகோ. அந்த இடம் அரச குலத்தில் பிறந்த பெண்ணுக்குத்தான் என்பது வழக்கம். அதை உடைத்தவர் கோம்யோ.

701இல் பிறந்த அவருடைய இயற்பெயர் அசுகாபேஹிமே. தந்தை ஃபுஜிவாரா நோ ஃபுஹிதோ, அன்றைய அரசவையில் பெரும் செல்வாக்குள்ள அமைச்சர். அவருடைய இன்னொரு மனைவிக்குப் பிறந்த மியாகோதான் ஷோமுவின் தாய். அப்படியென்றால் ஷோமுவுக்குக் கோம்யோ சித்தி முறை! நம் ஊராக இருந்தால் பேச்சை எடுத்தவுடனே பெரியவர்கள் எழுந்து போயிருப்பார்கள். அங்கே அது தடையாகவில்லை. இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் வேறு.

724இல் ஷோமு அரியணை ஏறியபோது கோம்யோ புனின்தான். 727இல் பிறந்த மகன் மறு ஆண்டே இறந்துபோனான். ஃபுஜிவாராக்களுக்குக் குறுக்கே நின்ற இளவரசர் நாகயாமீது 729இல் சதிக்குற்றம் சாட்டப்பட்டது. அவர் தற்கொலைக்குத் தள்ளப்பட்டார். அதே ஆண்டு கோம்யோ கோகோ ஆனார். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பது கடினம். 737 பெரியம்மையில் அவருடைய சகோதரர்கள் நால்வரும் மாண்டார்கள். அப்புறமும் அவர் பிறந்த வீட்டை விடவில்லை: 744இல் தாம் படியெடுத்த ஒரு சுவடியில் ‘ஃபுஜிவாராவின் மூன்றாம் மகள்’ என்றே கையெழுத்திட்டார்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘பட்டத்தரசி’ பழகிய சொல், தவறில்லை. ஆனால் பட்டம் யாருக்கு என்ற ஐயம் அதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘கோப்பெருந்தேவி’யில் அது இல்லை, சிலப்பதிகாரம் படித்தவர்களுக்குப் பாண்டியன் நெடுஞ்செழியனின் மனைவிதான் நினைவுக்கு வருவார். ஆகவே கோப்பெருந்தேவி கோம்யோ, பேரரசி கோகென்.

749இல் ஷோமு விலகி மகள் அரியணை ஏறியதும் கோம்யோ ‘கோதைகோ’ ஆனார். அதற்கு ‘ராஜமாதா’ இருக்கிறது. வடசொல் வேண்டாம் என்பவர்கள் ‘அரசத்தாய்’ எனலாம். ‘அரசன்னை’ என்றால் ‘அரசனை’ என்பதன் எழுத்துப்பிழை என்று நினைத்துவிடுவார்கள்.