ரத்த ரிப்போர்ட்டில் ஆயுளைத் தேடாதீர்கள்

மூளையில் வரும் புற்றுநோய்களில் கிளியோபிளாஸ்டோமா மிக வேகமானது. ஆபரேஷனும் ஆறு வார ரேடியேஷனும் கோயம்புத்தூரில் முடிந்து, மலையேறி வந்த பிறகு, மாதாமாதம் டெமோசோலோமைடு என்ற கீமோ மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுக்க இங்கே கோத்தகிரியில் எங்களிடம்தான் வருகிறார்கள். அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒருவரின் மகன் போனை நீட்டினார். ரத்த வெள்ளணுக்களில் இரண்டு வகையான நியூட்ரோபில் நூற்றுக்கு 84, லிம்போசைட் 8, ஒன்றை ஒன்றால் வகுத்தால் பத்தரை. "நாலுக்கு மேல போனா ஆயுசு கம்மின்னு போட்டிருக்கு டாக்டர், அப்பாவுக்குப் பத்தரை வருது." அப்பா கம்பளித் தொப்பியோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, அந்த மாத்திரைக் கவரைக் காட்டுங்க" என்றேன். உள்ளே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது, தினமும் மூன்று வேளை.

மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் இந்த ஸ்டீராய்டு நியூட்ரோபிலை ஏற்றும், லிம்போசைட்டை இறக்கும், சர்க்கரையையும் கூட்டும். இந்த விகிதம் அதிகமாகவும், ரத்தப் புரதமான அல்புமினும் ஹீமோகுளோபினும் குறைவாகவும் இருந்தவர்கள் குறைந்த காலமே வாழ்ந்ததாகப் பல ஆய்வுகள் சொல்வது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வீக்கம் அதிகம் இருப்பவருக்குத்தானே ஸ்டீராய்டும் அதிகம் போகிறது? அப்புறம் அந்த எண்ணை ஏற்றியது நோயா மாத்திரையா என்று ஒரு தாளைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

கட்டியின் போக்கைச் சொல்வது பெரும்பாலும் பயாப்ஸியில் சோதித்த கட்டியின் சதைதான். அதில் எம்ஜிஎம்டி மெத்திலேஷன், அதாவது எம்ஜிஎம்டி என்ற ஜீன் அடைபட்டிருந்தால், டெமோசோலோமைடு மற்றவர்களைவிட நன்றாக வேலை செய்யும். ஐடிஹெச் என்ற ஜீனில் மாற்றம் இருந்தால் 2021 முதல் அதை கிளியோபிளாஸ்டோமா என்றே சொல்வதில்லை. வயது, எவ்வளவு கட்டியை எடுக்க முடிந்தது, ஆள் எவ்வளவு நடமாடுகிறார் என்பதும் சேரும். 2005-இல் வந்த பெரிய ஆய்வில் ரேடியேஷன் மட்டும் எடுத்தவர்களில் இரண்டு வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்தான், டெமோசோலோமைடும் சேர்ந்தபோது இருபத்தாறு பேர். ஆகவே பயாப்ஸி ரிப்போர்ட்டை ஃபைலின் மேலேயே வையுங்கள்.

அந்தப் பையன் ஸ்டீராய்டை நிறுத்தினால் எண் இறங்கிவிடுமா என்று கேட்டார். இறங்கலாம், கூடவே வீக்கம் ஏறி ஆள் மயங்கிப்போகலாம். பல நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, சிகிச்சை தரும் டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சரி, இந்த ரத்தப் பரிசோதனை எதற்கு? அடுத்த சுற்று டெமோசோலோமைடை உடம்பு தாங்குமா என்று பார்க்க. பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே, அல்லது நியூட்ரோபில் எண்ணிக்கை (சதவீதம் அல்ல) 1500-க்குக் கீழே போனால், கோவை டாக்டரிடம் பேசாமல் அடுத்த சுற்றைத் தொடங்காதீர்கள். காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் காலை பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டிருந்தால், ஊட்டி அரசு மருத்துவமனைக்காவது அன்றிரவே போய்விடுங்கள், அங்கே முதலில் சொல்ல வேண்டியது டெமோசோலோமைடு என்ற பெயர்.