எலும்பில்லாத மண்புழு மண்ணைத் துளைப்பது எப்படி?

மண்புழுவின் உடம்பில் ஓர் எலும்புகூடக் கிடையாது. காலும் இல்லை, மேலே ஓடும் இல்லை. அப்படியிருந்தும் இறுகிய மண்ணுக்குள் வழி உண்டாக்கிக்கொண்டு போகிறது. அதற்கு எலும்பின் வேலையைச் செய்வது உடம்புக்குள் இருக்கும் திரவம்.

புழுவின் உடல் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். உள்ளே இருப்பது உணவுக்குழல், வெளியே இருப்பது தசைச்சுவர். இரண்டுக்கும் நடுவில் உடற்குழித் திரவம். திரவத்தை அமுக்கிச் சிறிதாக்க முடியாது. ஓரிடத்தில் அழுத்தினால் இன்னோரிடத்தில் தள்ளும். தண்ணீர் நிரப்பிய நீளமான பலூனைச் சுற்றிப் பிடித்து இறுக்கினால் அது நீள்கிறதல்லவா, அதேதான் இங்கும். புழுவின் உடல் வரிசையான பல வளையங்களால் ஆனது. ஒரு வளையத்தின் சுவரிலுள்ள வட்டத் தசைகள் இறுகும்போது அந்த வளையம் மெலிந்து நீள்கிறது. நீள்தசைகள் இறுகும்போது குட்டையாகிப் பருக்கிறது.

சரி, நீண்டு சுருங்கினால் மட்டும் முன்னேறிவிட முடியுமா? முடியாது, பிடிமானம் வேண்டும். அதற்குத்தான் நுண்முட்கள். லும்ப்ரிகஸ் என்ற பேரினத்தில் பெரும்பாலான வளையங்களில் எட்டெட்டு முட்கள் உண்டு. சில இனங்களில் வளையத்தைச் சுற்றிலும் இருக்கும். பருத்த பகுதியில் முட்கள் வெளியே நீண்டு மண்ணைப் பற்றிக்கொள்கின்றன. மெலிந்த பகுதியில் உள்ளே இழுபடுகின்றன. புழுவைக் காகிதத்தின்மேல் ஊர விட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோனால் அந்த முட்கள் சுரண்டும் சத்தம் கேட்கும். (தோல் காய்வதற்குள் ஈரமண்ணில் விட்டுவிடுங்கள்.) அப்படியே உற்றுப் பாருங்கள்: புழு முன்னால் போகும், ஆனால் பருத்தும் மெலிந்தும் வரும் அலை தலையிலிருந்து வாலை நோக்கிப் போகும்.

இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது வளையங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய தடுப்புச் சுவர்கள். அவை இருப்பதால் ஓர் அறையின் அழுத்தம் அடுத்த அறைக்கு எளிதில் பரவுவதில்லை. முன்பகுதி நீளும்போதே நடுப்பகுதி சுருங்கலாம். ஓரிடத்தில் காயம் பட்டாலும் மற்ற அறைகளின் திரவம் மொத்தமாக வடிந்துவிடாது.

நுரையீரல் இல்லாததால் மூச்சு முழுக்கத் தோல் வழியாகத்தான். ஆக்சிஜன் தோலின் ஈரத்தில் கரைந்து, அடியிலுள்ள நுண்குழாய்களுக்குப் போகிறது. நம்மைப் போலவே மண்புழுவின் ரத்தமும் சிவப்பு. ஆனால் அதன் ஹீமோகுளோபின் செல்களுக்குள் அடைபட்டில்லாமல் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலேயே கரைந்திருக்கிறது. தோல் உலர்ந்தால் மூச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். வெயிலில் மாட்டிய புழு சாவது அதனால்தான்.

அப்புறம், பற்கள் இல்லாத குறையை உணவுக்குழலிலுள்ள ‘அரைவைப் பை’ என்ற உறுப்பு தீர்த்துவைக்கிறது. விழுங்கிய மண்ணிலுள்ள மணற்துகள்களோடு சேர்த்து, அதன் தடித்த தசைகள் இரையை அரைத்துவிடும்.

இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு. பல இனங்களில், போதிய வளையங்களோடு தப்பிய தலைப்பகுதி புது வாலை வளர்த்துக்கொள்ளும். வால்பகுதி பெரும்பாலும் செத்துவிடும். வெட்டியபின் அது துள்ளுவதற்குக் காரணம், வயிற்றுப்புற நரம்பு வடத்தில் வளையந்தோறும் இருக்கும் நரம்பு முடிச்சுகள். மூளையின் உத்தரவு வராவிட்டாலும் அவை தசைகளைக் கொஞ்ச நேரம் இயக்கிக்கொண்டே இருக்கும்.