காற்று நெம்பும் ஓடு

புளோரிடாவில் 'பேரல் டைல்' என்று சொல்லும் ஓட்டைப் பார்த்ததும் நமக்கு அடையாளம் தெரிந்துவிடும். நம் நாட்டு ஓடுதான் அது. குயவர் சக்கரத்தில் குழாய்போல வனைந்து, பாதி காய்ந்ததும் நெடுக்காக இரண்டாக அறுத்துச் சூளையில் வைப்பாரே, அதே அரைவட்ட வடிவம். போடும் முறையும் அதேதான். ஒரு வரிசையை மல்லாத்திப் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு மல்லாந்த ஓடுகளின் ஓரங்களை மூடும்படி இன்னொன்றைக் கவிழ்த்துப் போட வேண்டும். மல்லாந்தது வாய்க்கால், கவிழ்ந்தது மூடி.

ஸ்பெயின்காரர்களோடு கடல் கடந்து வந்த இந்த ஓட்டைப் புளோரிடாவின் பணக்கார வீடுகளில் ஏற்றியவர் அடிசன் மைஸ்னர் என்ற கட்டடக் கலைஞர். பாம் பீச்சில் தான் கட்டிய மாளிகைகளுக்கு ஓடு வேண்டுமென்று சொந்தமாகச் சூளையே வைத்தார். 1920களில் மயாமிக்குப் பக்கத்தில் ஜார்ஜ் மெரிக் உருவாக்கிய கோரல் கேபிள்ஸ் நகரத்துக்கும் செந்நிற ஓட்டுக் கூரைதான் முகம். இன்று தெற்கு புளோரிடாவில் நடுத்தரக் குடும்பத்து வீடுகளிலும் இது சாதாரணம். மல்லாந்ததும் கவிழ்ந்ததும் ஒன்றாகச் சேர்ந்து, ஆங்கில 'எஸ்' எழுத்துபோல வளைந்த ஒற்றை ஓடும் உண்டு. மண்ணுக்குப் பதில் சிமென்ட்டில் செய்ததும் உண்டு.

நம் ஊரில் நாட்டு ஓட்டை ஆணி எதுவும் பிடித்து வைப்பதில்லை. தன் எடையாலும், மேலே ஏறி உட்கார்ந்த ஓட்டின் எடையாலும் அது கிடக்கிறது. முகட்டில் மட்டும் சுண்ணாம்புக் காரை வைத்துப் பூசுவார்கள். புளோரிடாவில் அப்படி விட முடியாது. மயாமி நகரம் இருக்கும் மயாமி-டேட் கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம்போல) ஒரு சாதாரண வீட்டின் கூரை மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றைத் தாங்கும்படி கணக்கிடப்பட வேண்டும் என்பது அங்குள்ள கட்டட விதி.

அந்த எண்ணுக்குள் இருப்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு புயலுக்கு 'ஹரிகேன்' என்ற பெயர் கிடைக்க மணிக்கு 119 கிலோமீட்டர் வேகம் போதும். அந்த வேகத்தில் காற்று நேராக மோதினால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 70 கிலோ பாரம் வைத்ததற்குச் சமம். வேகம் 280 ஆகும்போது அது சுமார் 380 கிலோ. வேகம் இரண்டரை மடங்குகூடக் கூடவில்லை, பாரமோ ஐந்தரை மடங்காகிவிட்டது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதுதான் காரணம். நாற்பது வருடம் ஒன்றும் ஆகாத கூரை ஒரே இரவில் போவதற்கு இந்த வர்க்கக் கணக்குத்தான் விளக்கம்.

ஆனால் இந்த அழுத்தம் ஓட்டை எப்படிக் கிளப்புகிறது? 'காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது' என்கிறோம். நடப்பது அதைவிட நுணுக்கமானது.

காற்று கூரையின் விளிம்பில் மோதி மேலே எகிறும்போது, எகிறிய இடத்துக்குக் கீழே அழுத்தம் குறைந்து கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. மூலையைக் குறிவைத்துக் காற்று சாய்வாக வந்தால் இன்னும் மோசம். மூலையில் தொடங்கி இரு விளிம்புகளை ஒட்டியும் முறுக்கிய கயிறுபோல இரண்டு சுழல்கள் உருவாகும். அந்தச் சுழல்களுக்கு அடியில்தான் உறிஞ்சல் உச்சத்தில் இருக்கும். புயலுக்குப் பிறகு எடுத்த படங்களைப் பாருங்கள். நடுக்கூரை அப்படியே இருக்கும், மூலையும் விளிம்பும் முகடும் மொட்டையாகியிருக்கும்.

விசித்திரம் என்னவென்றால், இந்த உறிஞ்சலின் பெரும்பங்கு ஓட்டைப் பாதிப்பதே இல்லை. ஓடுகளுக்கிடையே எங்கும் சந்து இருக்கிறது. மேலே அழுத்தம் குறைந்தால் அடியிலிருக்கும் காற்றும் சந்து வழியாக வெளியேறி, மேலும் கீழும் அழுத்தம் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். உறிஞ்சலை முழுதாக வாங்குவது ஓட்டுக்கு அடியிலுள்ள ப்ளைவுட் பலகைத் தளம்தான்.

பிறகு ஓடு ஏன் பறக்கிறது? ஓட்டின் கீழ்முனையைக் கிட்டத்தில் பாருங்கள். தனக்குக் கீழுள்ள ஓட்டின் முதுகில் அது ஏறி உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒரு சின்னப் படி, ஓட்டின் கனம் அளவுக்கு. கூரைச் சரிவில் ஏறி ஓடிவரும் காற்று அந்தப் படியில் முட்டுகிறது. கொஞ்சம் காற்று உதட்டுக்கு அடியில் நுழைந்து அழுத்தம் கூடுகிறது. மீதிக் காற்று உதட்டைத் தாண்டிக் குதிக்கும்போது மேலே அழுத்தம் குறைகிறது. ஓட்டின் மேல்முனை ஆணியாலோ அடுத்த ஓட்டின் எடையாலோ அழுந்தியிருப்பதால் அது அசையாது. கீழ்முனை மட்டும் எழும்பும். பெயின்ட் டப்பா மூடியின் விளிம்பில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்புகிறோமே, அதே வேலையைத்தான் காற்று செய்கிறது. கொஞ்சம் எழும்பிவிட்டால் காற்றுக்கு முட்ட இன்னும் பெரிய முகம் கிடைக்கும், எஞ்சிய வேலை சுலபம்.

அதனால்தான் புளோரிடாவின் கட்டட விதி ஓட்டின் பிடிமானத்தைத் திருப்புத்திறனால் அளக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த அதே திருப்புத்திறன்தான்: விசையை, அது சுழலும் புள்ளியிலிருந்து இருக்கும் தூரத்தால் பெருக்குவது. அந்தச் சூத்திரத்தில், நான்கு கிலோ எடையுள்ள ஒரு விளிம்பு ஓட்டுக்கு, 280 கிலோமீட்டர் காற்றுக்கு நான் போட்டுப் பார்த்த தோராயக் கணக்கில், காற்றின் நெம்பல் ஓட்டின் எடை தரும் எதிர்ப்பைப்போலச் சுமார் எட்டு மடங்கு வருகிறது. கனமான ஓடு பறக்காது என்ற நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை.

இதைப் புளோரிடா 1992இல் கற்றுக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 24 விடியற்காலையில் மயாமிக்குத் தெற்கே கரையேறிய ஆண்ட்ரூ புயல் 25,000க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. அதுவரை ஓட்டைச் சிமென்ட் கலவையில் பதிப்பது அங்கே வழக்கம். ஓட்டுக்கு ஒரு கரண்டிக் கலவை, மேலே ஓட்டை வைத்து அழுத்து, முடிந்தது. புயலுக்குப் பிறகு பல கூரைகளில் கலவைக் கட்டிகள் தளத்தில் ஒட்டியபடியே இருந்தன, ஓடுகளைத்தான் காணவில்லை. கொத்து வேலை தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. செங்கல்லை நனைக்காமல் கட்டினால் என்ன ஆகும்? காய்ந்த சுட்ட மண் கலவையின் ஈரத்தைக் குடித்துவிடும், ஒட்டும் முகத்தில் சிமென்ட் இறுக ஈரமே இருக்காது. ஆகஸ்ட் வெயிலில் கொதிக்கும் கூரையின்மேல் அந்தத் தவறு இன்னும் சுலபமாக நடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஒரு ஓடு போனால் அந்த வீட்டுக்காரருக்கு மட்டும் நஷ்டம் என்று விட முடியாததுதான் எனக்கு இதில் மிகவும் வருத்தம் தரும் பகுதி. பறக்கும் ஓடு காற்று போகும் திசையிலுள்ள வீட்டின் ஜன்னலை உடைக்கும். ஜன்னல் உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தள்ளும். மேலே உறிஞ்சல், கீழே தள்ளல். தன் கூரையைச் சரியாகப் போட்டவரின் வீடும் அடுத்த வீட்டுக் கூரையால் போகும்.

ஆண்ட்ரூவுக்குப் பிறகு விதிகள் இறுகின. 2002இல் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதி வந்தது. மயாமி-டேட், புரோவர்ட் இரண்டு கவுன்ட்டிகளும் அதில் கடுங்காற்று மண்டலமாகத் தனியாக நிற்கின்றன. சோதனையில் தேறிய ஓட்டையும் ஆணியையும் பசையையும் தவிர வேறெதையும் அங்கே பயன்படுத்த முடியாது.

ஆணியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். மழமழப்பான ஆணி, மரம் ஈரத்தில் ஊறிக் காய்ந்து ஊறிக் காயக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துவிடும். அதனால் ஸ்க்ரூவோ, தண்டில் வளையம் வளையமாகக் கோடு போட்ட ஆணியோ வேண்டும். ஆனால் துளை இருப்பது ஓட்டின் மேல்முனையில். அங்கே எவ்வளவு இறுக்கினாலும் கீழ்முனை எழும்பி எழும்பித் தளத்தில் அடித்துக்கொள்ளும், அந்த அடியிலேயே ஓடு உடையும். ஆகவே கீழ்முனையைப் பிடிக்க ஓர் உலோகக் கொக்கியும் தேவைப்படுகிறது.

இப்போது அங்கே பரவலாக இருப்பது பாலியூரித்தேன் நுரைப் பசை. இரண்டு திரவங்கள் துப்பாக்கி முனையில் கலந்து, தளத்தில் விழுந்ததும் பொங்கும். பொங்கிக்கொண்டிருக்கும்போதே ஓட்டை அதன்மேல் வைத்துவிட வேண்டும். தாமதித்தால் பாலில் ஆடை படிவதுபோல மேலே தோல் கட்டிவிடும், பிறகு ஓடு ஒட்டியதுபோல உட்காருமே தவிர ஒட்டாது. அரைவட்ட ஓட்டில் இதற்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. மல்லாந்த ஓடு அடியிலுள்ள நுரையால் தளத்தைப் பிடிக்கிறது. கவிழ்ந்த ஓடு தளத்தைத் தொடுவதே இல்லை, இருபுறமும் உள்ள மல்லாந்த ஓடுகளின் ஓரத்தில் வைத்த நுரையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. காற்றுக்கு முகம் கொடுப்பது கவிழ்ந்தது, அதைத் தாங்குவது மல்லாந்தது. வாய்க்கால் ஓட்டின் அடியில் நுரை குறைந்தால் மூடியும் சேர்ந்தே போகும்.

2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி புயல் பன்டா கோர்டா நகரைக் கடந்தபோது இது பரீட்சைக்கு வந்தது. கலவையைவிட நுரை நல்லதென்று நம்பிப் போட்ட கூரைகளிலும் ஓடுகள் போயிருந்தன. விழுந்த ஓடுகளைத் திருப்பிப் பார்த்தால் காரணம் அடிப்பக்கத்திலேயே எழுதியிருந்தது. போதிய பரப்புக்கு ஒட்ட வேண்டிய நுரை சின்னத் தடமாக ஒட்டியிருந்தது, அல்லது தவறான இடத்தில் ஒட்டியிருந்தது. பசையில் பழுதில்லை, கை அவசரப்பட்டிருக்கிறது.

அதைவிடப் பெரிய பாடம் முகட்டில் கிடைத்தது. சரிவிலுள்ள ஓடுகள் நின்ற கூரைகளில்கூட முகட்டு ஓடுகளும், இரண்டு சரிவுகள் கூடும் சாய்வான மூலைக் கோட்டிலுள்ள ஓடுகளும் வரிசையாகக் கிளம்பிப் போயிருந்தன. காற்று மிக வேகமாகக் கடக்கும் இடமே அதுதான். அங்கே உட்காரும் ஓட்டுக்கோ பக்கத் துணை எதுவும் கிடையாது, இருபுறமும் பூசிய கலவைதான் ஒரே பிடி. நம் ஊர்க் கொத்தனார் முகட்டுக்கு மட்டும் காரை வைப்பதும் இதே பலவீனத்தை அறிந்துதான், ஆனால் இந்தக் காற்றுக்கு அந்தக் காரை போதாது. சார்லிக்குப் பிறகு முறை மாறியது. முகட்டின் நெடுக ஒரு மரச்சட்டத்தையோ உலோகத் தடத்தையோ தளத்தோடு பூட்டிவிட்டு, ஒவ்வொரு முகட்டு ஓட்டையும் அதில் ஸ்க்ரூவாலோ பசையாலோ பிடிக்கிறார்கள். கலவை மழையை மறைக்க மட்டும்.

இறவாரத்தின் கதை சிறியது. அரைவட்ட ஓட்டின் கடைசி வரிசை வாய் திறந்தே இருக்கும். நம் வீடுகளில் சிட்டுக்குருவி கூடு கட்டும் இடம் அது. புளோரிடாவிலும் பறவை அடைப்பான் என்ற பொருளில்தான் அதை மூடும் துண்டுக்குப் பெயர். காற்று உள்ளே நுழையாமல் அதை அடைக்க வேண்டும், உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியேற அதில் சிறு துளையும் விட வேண்டும். துளையை மறந்தால் பலகை உளுத்துப்போகும், அடுத்த புயலில் ஆணிக்குப் பிடிக்க மரமே இருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும், பறந்து வரும் ஒரு மரக்கட்டை மோதினால் எந்த ஓடும் உடையும். மண்ணும் சிமென்ட்டும் அப்படிப்பட்டவை. அதனால் அங்கே மழையைத் தடுக்கும் நிஜமான கூரை ஓட்டுக்கு அடியிலுள்ள தார்ப்படலம்தான். பலகையில் ஒட்டிய அந்தப் படலம் கிழியாமல் இருந்தால், ஓடு பாதி போனாலும் வீடு நனையாது. பலகையே கிளம்பிவிட்டால் மேலே எதை ஒட்டியும் பயனில்லை. ஆகவே 2007 முதல், பழைய வீட்டுக்குக் கூரை மாற்றும்போது பலகைகளை ஆறு அங்குலத்துக்கு ஒரு வளைய ஆணி வீதம் மறுபடி அடிக்க வேண்டும் என்று விதி வந்தது. மயாமியிலுள்ள புளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகத்தில் 12 ராட்சத மின்விசிறிகளைச் சுவர்போல அடுக்கி, மணிக்கு 250 கிலோமீட்டர் வேகக் காற்றை உண்டாக்கி, கூரைகளை நிஜ அளவிலேயே கட்டிச் சோதிக்கிறார்கள். அடுத்த விதிகளுக்கான விடைகள் அங்கிருந்து வருகின்றன.

கடுங்காற்று மண்டலத்தில் ஓட்டு வேலை முடிந்த கூரைமேல் கடைசியாக ஏறுபவர் ஒரு சோதனையாளர். நுரையும் கலவையும் இறுகிய பிறகு, விளிம்பிலும் மூலையிலும் முகட்டிலும் நடுவிலும் அங்கங்கே ஓடுகளைத் தேர்ந்தெடுப்பார். ஓட்டின் கீழ்முனையில் கொக்கியை மாட்டி, தராசு 16 கிலோ காட்டும்வரை மேல்நோக்கி இழுப்பார். காற்று நெம்பும் அதே முனை, அதே திசை. அசையும் ஓட்டைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்கு நகர்வார்.