தூதுவரின் ‘சாட்சியம்’: அது வழக்குமன்று, உடன்படிக்கையுமன்று

கடந்த வாரத்தில் மாத்திரம் நான்கு பேர் ஒரே தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். திருகோணமலை நீதிமன்றத்துக்கு அண்மையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாக இருபது ஆண்டுகளுக்கு மேல் தொழில் செய்துவரும் எனக்கு, பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியுமே அன்றாட வேலை. இப்போது அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு இதனை எழுதவேண்டியிருக்கிறது.

கைப்பேசிக்கு வந்த செய்தியொன்றை அச்சடித்த தாள் அது. ‘இலங்கை குறித்து அமெரிக்க செனட்டில் விசாரணை: தூதுவர் பரபரப்புச் சாட்சியம்’ என்பது தலைப்பு. திகதி இல்லை, பேசியவரின் பெயரும் இல்லை. இலங்கைக்கான அமெரிக்கத் தூதுவர் சொன்னதாக ‘நிர்ப்பந்திப்போம்’, ‘கைப்பற்றுவோம்’ என்றெல்லாம் உள்ளே எழுதியிருந்தது. முதலில் வந்தவர் உள்ளூராட்சி உறுப்பினர் ஒருவர். சபையில் கண்டனத் தீர்மானம் கொண்டுவருவதற்காக அதனைச் சிங்களத்தில் பெயர்த்துத் தருமாறு கேட்டார். மறுநாள் வேறொரு கட்சியின் அமைப்பாளர் வந்து, அதே சாட்சியத்தை வரவேற்றுத் தூதரகத்துக்கு நன்றிக் கடிதம் எழுதவேண்டும் என்றார். மூன்றாமவர் திருக்கடலூரைச் சேர்ந்த கடற்றொழிலாளி. துறைமுகத்தை வெளிநாட்டுக்காரர் எடுத்தால் தொழிலுக்கு எந்தப் பக்கம் போவது என்று கேட்டார். கண்டித்தவரும் வரவேற்றவரும் மூல அறிக்கையின் ஒரு வரியையேனும் படித்திருக்கவில்லை.

நான்காவதாக வந்தவர் ஒரு தாய். காணாமலாக்கப்பட்ட மகனின் புகைப்படம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, பழைய ஆணைக்குழுக்கள் அனுப்பிய கடிதங்கள் எல்லாவற்றையும் பொலித்தீன் உறைக்குள் மடித்து வைத்திருந்தார். “தம்பி, அமெரிக்காவில விசாரணை துவங்கிட்டுதாம். என்ர பிள்ளையின்ர பேரையும் அதில சேர்க்கலாமோ?” என்று கேட்டார். பெயரைச் சேர்த்து அனுப்புவதாகச் சொல்லி ஒருவர் அவரிடம் 3,500 ரூபாய் வாங்கியிருக்கிறார். அன்று பின்னேரம் என்னால் வேறு வேலை எதுவும் செய்ய முடியவில்லை.

இந்தக் குழப்பத்தின் பெரும்பங்கு இரண்டு சொற்களிலிருந்து வருகிறது. அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரசின் குழுவொன்றின் முன் எவர் சென்று பேசினாலும், அந்த அமர்வை ஆங்கிலத்தில் ‘ஹியரிங்’ என்றும், அங்கு பேசுவதை ‘டெஸ்டிமனி’ என்றும் சொல்வார்கள். அகராதியைத் திறந்தவுடன் முதலாவதற்கு ‘விசாரணை’ என்றும் இரண்டாவதற்குச் ‘சாட்சியம்’ என்றும் இருக்கும். செய்தி எழுதுபவர் அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார். ஆனால் தமிழில் விசாரணை என்றால் ஒரு குற்றமும் ஒரு சந்தேகநபரும் இருக்கவேண்டும். சாட்சியம் என்றால் கண்டவரோ கேட்டவரோ கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து, குறுக்கு விசாரணைக்கு முகங்கொடுத்துச் சொல்வது. நமது 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டமும் வாய்மொழிச் சான்று நேரடியானதாக இருக்கவேண்டும் என்றே சொல்கிறது. அந்தத் தாள் ‘தூதுவர்’ என்று சொல்பவரோ அப்பதவிக்குப் பெயர் குறிக்கப்பட்டவர் மாத்திரமே. ஒரு நாட்டுக்கு இன்னும் அனுப்பப்படாத ஒருவர் அந்த நாட்டைப்பற்றி எதனைக் கண்ட சாட்சி? நீதிமன்றத்தில் இந்தச் சொற்களை ஒவ்வொரு நாளும் நிறுத்துப் பயன்படுத்துகிறவன் என்பதால் சொல்கிறேன், அங்கு நடப்பது ‘நியமனத்துக்கான கேள்வி அமர்வு’, அங்கு வாசிக்கப்படுவது ‘தொடக்க அறிக்கை’. இவ்வளவு எழுதினால் போதும், பாதிக் கலவரம் அடங்கிவிடும்.

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் உறுப்புரையின்படி தூதுவரை ஜனாதிபதி பெயர் குறித்தாலும், காங்கிரசின் மேலவையான செனட்டின் ஆலோசனையும் சம்மதமும் பெற்ற பின்னரே நியமிக்கலாம். பெயர் குறிக்கப்பட்டவர் வெளியுறவுக் குழுவின் முன் சென்று, அந்த நாட்டில் தாம் எவற்றில் கவனம் செலுத்துவார் என்று சில நிமிடங்கள் வாசிப்பார். உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள், பின்னர் எழுத்திலும் கேட்பார்கள். குழு வாக்களித்து, அதன்பின் நூறு பேர் கொண்ட செனட் வாக்களித்து, அவர் பதவிச் சத்தியம் செய்து, கொழும்புக்கு வந்து நமது ஜனாதிபதியிடம் நற்சான்றுப் பத்திரத்தைக் கையளிக்கும்வரை தூதுவராக முழுமையாகக் கடமையாற்ற முடியாது. வேலைக்கான நேர்முகத் தேர்வில் எவரும் தம்மைத் தேர்ந்தெடுப்பவர்கள் கேட்க விரும்புவதையே முதலில் சொல்வார்கள். செனட்டர்களுக்குச் சீனாவைப்பற்றிய கவலை இருந்தால், பதிலிலும் சீனா இருக்கும். கடற்பாதை, கடன், துறைமுகம் எல்லாம் அந்த வரிசையில் வந்து விழும்.

அப்படிப் பேசியவர் வராமலே போவதும் உண்டு. 2024ஆம் ஆண்டு இலங்கைக்கான தூதுவராகப் பெயர் குறிக்கப்பட்ட எலிசபெத் ஹோர்ஸ்ட் குழுவின் முன் தோன்றிப் பேசினார். முழுச் செனட் அவரை உறுதிசெய்யாமலே அந்தப் பெயர்மொழிவு காலாவதியானது. 2022 பெப்ரவரியில் வந்திருந்த ஜூலி சங் அதன்பின்னரும் தூதுவராகத் தொடர்ந்தார். என்னிடம் வந்த தாளிலுள்ள வசனங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை அந்த 2024ஆம் ஆண்டு அமர்வைப்பற்றி அன்று வந்த செய்திகளிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டவை என்று தெரிந்தது. பதவிக்கு வராத ஒருவரின் பேச்சை ஒரு கட்சி கண்டிக்கிறது, இன்னொரு கட்சி வரவேற்கிறது.

இத்தகைய அறிக்கைகளில் ஏறக்குறைய ஒவ்வொரு வாக்குறுதியும் ‘நான் உறுதிசெய்யப்பட்டால்’ என்றே தொடங்கும். தமிழில் அந்த நிபந்தனை முழுவதும் ‘ஆல்’ என்ற ஒரு விகுதியில் நிற்கிறது. அந்தத் தாளில் ஓரிடத்திலும் அது இல்லை. ‘ஊக்குவிப்பேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘நிர்ப்பந்திப்போம்’ என்றும், ‘சேர்ந்து பணியாற்றுவேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘கைப்பற்றுவோம்’ என்றும் எழுதியவருக்கு மொழி தெரியவில்லையா, வேண்டுமென்றே எழுதினாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் இதே வேலையை ஒரு காணி உறுதியில் நான் செய்தால் எனது அனுமதிப்பத்திரம் போய்விடும்.

பேசுபவர் யார் என்பதையும் பாருங்கள். 2009 பெப்ரவரியில், வன்னியில் போர் நடந்துகொண்டிருந்தபோது, செனட்டின் உபகுழுவொன்றின் முன் பேசிய ஜெப்ரி லன்ஸ்டெட் இலங்கைக்கான முன்னாள் அமெரிக்கத் தூதுவர். அப்போது அவர் அமெரிக்க அரசாங்கத்தின் சார்பில் பேசவில்லை. அதே ஆண்டு டிசெம்பரில் வந்த, இலங்கையை இழக்கக்கூடாது என்று சொன்ன அறிக்கையை எழுதியவர்கள் செனட்டின் வெளியுறவுக் குழுவின் பணியாளர்கள். அது செனட் நிறைவேற்றிய தீர்மானமன்று. இரண்டையும் ‘அமெரிக்காவின் முடிவு’ என்று நமது மேடைகளில் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம்.

திருகோணமலையின் பெயர் அடிபட்டால் ஊர் பதறுவதற்குக் காரணம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம்மைக் கட்டுப்படுத்தும் எதுவும் வாஷிங்டனின் கேள்வி அமர்வில் முடிவாவதில்லை. நமது துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குக் கேடான வகையில் எந்த நாட்டின் இராணுவத் தேவைக்கும் கொடுப்பதில்லை என்பது 1987 ஜூலை 29ஆம் திகதிய இந்திய-இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களில் இருக்கிறது. அமெரிக்காவுடனான ‘அக்சா’ எனப்படும், இரு நாட்டு இராணுவங்களும் ஒன்றுக்கொன்று பொருட்களும் சேவைகளும் வழங்குவதற்கான உடன்படிக்கை 2007 மார்ச்சில் கையொப்பமிடப்பட்டு 2017இல் புதுப்பிக்கப்பட்டது. சீனக்குடாவின் 99 எண்ணெய்க் குதங்களில் 14 இந்திய நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கம்பெனிக்கும் என்று பிரிக்கப்பட்டது 2022 ஜனவரியில். இவற்றையெல்லாம் படித்துக் காட்டுமாறு கேட்டு ஒரு கட்சிக்காரர்கூட என்னிடம் வந்ததில்லை. அமெரிக்க உதவி நிறுவனமான எம்.சி.சி.யின் 480 மில்லியன் டொலர் உடன்படிக்கையின்போதும் இதுவே நடந்தது. வரைவு பகிரங்கமாகக் கிடைத்தது. அதன் காணித் திட்டத்துக்குரிய மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. கேட்பதற்கு உண்மையான கேள்விகள் இருந்தன. ஆனால் கொழும்பிலிருந்து இங்குவரை வேலி அடைத்து நாட்டை இரண்டாக்கப்போகிறார்கள் என்ற கதையே ஊர் முழுவதும் ஓடியது. 2020 டிசெம்பரில் அமெரிக்கா அதனைக் கைவிட்டபோது அந்தக் கேள்விகளும் கேட்கப்படாமலே போயின.

ஆகவே, அரசியல்வாதிகளுக்கு: எழுத்து மூலமான அறிக்கையும் ஒளிப்பதிவும் செனட் குழுவின் இணையத்தளத்திலேயே கிடைக்கும். அதனைப் படிக்காமல் தீர்மானம் கொண்டுவராதீர்கள், திகதியும் பெயரும் இல்லாத தாளுக்கு முத்திரை குத்துமாறு என்னிடம் வராதீர்கள், குத்தமாட்டேன். செய்தி எழுதும் தம்பிமாருக்கு: பெயர் குறிக்கப்பட்டவரைத் தூதுவர் என்று எழுதாதீர்கள், ‘ஆல்’ விகுதியை வெட்டாதீர்கள்.

உறவுகளைத் தேடும் அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். செனட்டில் உங்கள் பிள்ளையின் பெயரைப் பதிவுசெய்யும் வழக்கு எதுவும் நடக்கவில்லை. அதற்கென்று எவருக்கும் பணம் கொடுக்காதீர்கள். மூலப் பத்திரங்களைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். பலவந்தமாகக் காணாமலாக்கப்பட்டோர் பற்றிய ஐக்கிய நாடுகளின் செயற்குழு 1980 முதல் தனிநபர் முறைப்பாடுகளை ஏற்றுவருகிறது. அதற்குக் கட்டணம் இல்லை. முன்னரே அங்கு அனுப்பியவர்கள் அந்தப் பதிவு இலக்கத்தைத் தேடி எடுத்து வையுங்கள். அனுப்பாதவர்கள் அடையாள அட்டை, பொலிஸ் முறைப்பாடு ஆகியவற்றின் பிரதிகளுடன் எந்தப் புதன்கிழமை பின்னேரமும் என்னிடம் வரலாம். படிவத்தை மொழிபெயர்த்துத் தருவதற்கு நானும் பணம் வாங்கமாட்டேன்.