வானத்தில் ஏதோ பார்த்தீர்களா? முதலில் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்

வானியல் குழுக்களில் புதியவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது பல வருடங்களாக என் வேலையின் ஒரு பகுதி. அதிகமாக வருகிற கேள்வி இதுதான்: "நேற்று ராத்திரி வானத்தில் பிரகாசமாக ஒன்று பார்த்தேன். அது என்ன?"

இதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. யாராலும் முடியாது. அது வெள்ளியாக இருக்கலாம், வியாழனாக இருக்கலாம், விண்வெளி நிலையமாக இருக்கலாம். தரையிறங்க வருகிற விமானத்தின் விளக்காகக்கூட இருக்கலாம். எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில், நகர்ந்ததா நின்றதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதற்குள் கேட்டவருக்கே ஆர்வம் வடிந்துவிடுகிறது. "ஒரு கேள்விதானே கேட்டேன், இவ்வளவு விசாரணையா?" என்று மனம் வருந்தியவர்களும் உண்டு.

ஒருமுறை பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் குழுவில் சேர்ந்தார். வானியலில் அதற்குமுன் பழக்கமே இல்லை. அவர் எழுதிய முதல் செய்தி இப்படி இருந்தது: "மாலை 6.50. தென்மேற்கு. கையை நீட்டி முஷ்டியை வைத்துப் பார்த்ததில் அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டி உயரம். வெள்ளை நிறம். கண்சிமிட்டவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. 8 மணிக்கு மரத்துக்குப் பின்னால் போய்விட்டது." அது வெள்ளி என்று அரை நிமிடத்தில் சொல்ல முடிந்தது. அது மட்டுமல்ல, இன்னும் சில வாரங்கள் அதே பக்கம் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னோம். அவர் பெயர் தெரியாமல் பார்த்திருந்தார், ஆனால் நன்றாகப் பார்த்திருந்தார்.

அந்த முஷ்டிக் கணக்கு எல்லோருக்கும் கைகொடுக்கும். கையை முழுக்க நீட்டினால் முஷ்டியின் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 பாகை (டிகிரி). சுண்டுவிரலின் அகலம் 1 பாகை. முழுநிலவு அரைப் பாகைதான் என்பதால் சுண்டுவிரலால் அதை மறைத்துவிடலாம். நம்ப முடியாவிட்டால் அடுத்த பௌர்ணமிக்குச் செய்து பாருங்கள். சின்னக் கை உள்ள குழந்தைக்கு கையின் நீளமும் குறைவுதான், அதனால் கணக்கு பெரிதாக மாறாது.

நேரத்தை நிமிடம் வரை சரியாகச் சொல்லுங்கள். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. நம் தலைக்கு மேல் அது கடந்து போக ஐந்தாறு நிமிடம் போதும். "எட்டு மணி இருக்கும்" என்று தோராயமாகச் சொன்னால் அது விண்வெளி நிலையமா, வேறு செயற்கைக்கோளா என்று சொல்ல வழியில்லை. விட்டு விட்டு மின்னியதா, ஒரே சீராக ஒளிர்ந்து வானத்தின் நடுவிலேயே மங்கி மறைந்ததா என்பதையும் கவனியுங்கள். மின்னினால் பெரும்பாலும் விமானம். சீராகப் போய் பாதியில் மறைந்தால் பூமியின் நிழலுக்குள் நுழைந்த செயற்கைக்கோள். அடிவானத்துக்குப் பக்கத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி மின்னுவது அநேகமாக சிரியஸ் விண்மீன். அது நிறம் மாறுவதில்லை, நம் காற்று அதன் ஒளியை அப்படிக் கலைக்கிறது. மணி கோத்தது போல வரிசையாகப் போகிற ஒளிப்புள்ளிகளைப் பற்றிய கேள்விகள் 2019 மே மாதத்துக்கு அப்புறம் வரத் தொடங்கின. அந்த மாதம்தான் இணைய வசதி தருவதற்கான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் முதல் 60 ஒன்றாக ஏவப்பட்டன.

புதியவர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். பார்த்ததைச் சொல்வதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுகிறார்கள். "பறக்கும் தட்டு பார்த்தேன்", "புது வால்நட்சத்திரம் கண்டுபிடித்துவிட்டேன்" என்று தொடங்கினால், படிக்கிறவர்கள் அந்த முடிவோடு மல்லுக்கட்டத் தொடங்கிவிடுவார்கள். உண்மையிலேயே பார்த்தது பின்னால் போய்விடும். உங்கள் ஊகம் தவறாக இருப்பதில் குற்றமே இல்லை. 1781 மார்ச் 13 அன்று வில்லியம் ஹெர்ஷல் தன் தொலைநோக்கியில் வட்டமாக, விண்மீன் போலில்லாத ஒன்றைப் பார்த்தார். வால்நட்சத்திரம் என்றுதான் அறிவித்தார். ஆனால் அது எங்கே இருந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று அளந்து எழுதியிருந்தார். அந்த மாதிரி அளவுகளை வைத்துத்தான் லெக்ஸெல் போன்ற வானியலாளர்கள் பாதையைக் கணக்கிட்டு, அது சனிக்கும் அப்பால் ஏறக்குறைய வட்டப்பாதையில் சுற்றுகிற ஒரு கோள் என்று கண்டார்கள். யுரேனஸ் நமக்குக் கிடைத்தது அப்படித்தான். ஹெர்ஷலின் ஊகம் தவறு, அளவு சரி.

2019 கடைசியில் திருவாதிரை விண்மீன் மங்கத் தொடங்கியபோது "வெடிக்கப் போகிறதா?" என்ற கேள்வி எங்களிடம் வந்து குவிந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருத்தி, "இன்று ரோகிணியைவிட நன்றாகவே மங்கல், பெல்லாட்ரிக்ஸைவிடக் கொஞ்சம் பிரகாசம்" என்று தேதி போட்டு எழுதினாள். வாரம் ஒருமுறை எழுதினாள். கருவி எதுவும் இல்லை, வானத்தில் அக்கம்பக்கத்தில் தெரிகிற அந்த இரண்டு விண்மீன்களோடு வெறும் கண்ணால் ஒப்பிட்டதுதான். 2020 பிப்ரவரியில் திருவாதிரை பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கே இறங்கியதை அவள் குறிப்புகளில் படிப்படியாகப் பார்க்க முடிந்தது. அந்த விண்மீன் தானே வெளியேற்றிய பொருள் தூசியாகி மறைத்ததே முக்கியக் காரணம் என்று பிறகு தெரிந்தது. அவளுடைய குறிப்பேட்டின் பக்கங்களை இன்றும் புதியவர்களுக்குக் காட்டுகிறேன்.

படம் அனுப்பினால் எடுத்தபடியே அனுப்புங்கள். வெட்டியது, வண்ணம் கூட்டியது வேண்டாம். தெருவிளக்கு இருக்கிற படத்தில் மர்மமான பச்சைப் புள்ளி தெரிந்தால், விளக்கிலிருந்து படத்தின் நடுப்பகுதி வழியாக ஒரு கோடு போட்டுப் பாருங்கள். புள்ளி நேர் எதிரே, அதே தூரத்தில் இருந்தால் அது கேமராவின் லென்ஸுக்குள் பட்டுத் திரும்பிய விளக்கொளி. படத்தை வெட்டிவிட்டால் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. 2016 செப்டம்பர் 20 அன்று அர்ஜென்டினாவில் விக்டர் பூசோ என்ற ஆர்வலர் புதுக் கேமராவைச் சோதித்துப் பார்க்க ஒரே விண்மீன் மண்டலத்தை (கேலக்ஸியை) அடுத்தடுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முதலில் எடுத்தவற்றில் இல்லாத ஒரு புள்ளி பிறகு வந்தவற்றில் இருந்தது. ஒரு விண்மீன் வெடித்து முதல் ஒளி வெளிவரும் தருணம் அது. வரிசை கலையாமல், நேரக்குறிப்போடு அத்தனை படங்களும் இருந்ததால்தான் அவற்றுக்கு மதிப்பு.

எந்தத் தொலைநோக்கி வாங்கலாம் என்று கேட்பவர்கள், எதைப் பார்க்க ஆசை, எங்கிருந்து பார்ப்பீர்கள், யார் தூக்குவார் என்று சேர்த்துச் சொன்னால் போதும். பெட்டியில் 500 மடங்கு பெரிதாகும் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். முகப்பு வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதன் இரு மடங்குக்கு மேல் பெரிதாக்கிப் பயனில்லை. ராசி பலனுக்கு வானியல் குழு இடமல்ல. ஆனால் சனி இப்போது எந்த ராசி மண்டலத்தில் நிற்கிறது என்று கேளுங்கள், விரல் நீட்டிக் காட்டுகிறோம்.

இரவில் எல்லோரும் கூடிப் பார்க்கிற இடத்துக்கு வந்தால் போன் வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு நொடி வெளிச்சத்தில் பத்துப் பேரின் அரை மணி நேரம் வீணாகிவிடும். மங்கலான சிவப்பு விளக்கு இருந்தால் பரவாயில்லை. மற்றவர் கருவியைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். பகலில் எந்தக் கருவியையும் நீங்களாகச் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். சூரிய வடிகட்டி தொலைநோக்கியின் முன்பக்க வாயில் இருக்க வேண்டும். கண் வைக்கிற பக்கம் திருகுகிற வகை, குவிந்த வெப்பத்தில் விரிசல் விட்டுவிடும். அடுத்து போவது பார்வை. நான் குரலை உயர்த்துகிற ஒரே இடம் இதுதான்.

பதில் சொல்கிற எங்களுக்கும் மரியாதை தேவை. ஒரு பையன் எழுதியிருந்தான்: "நேத்து ராத்திரி 9.14-க்கு வடக்குப் பக்கம் பச்சையா பெரிய வெளிச்சம். மூணு செகண்ட்தான். என்ன சார் அது?" அன்று அதே மாதிரி பல கேள்விகள். "பெரிய வெளிச்சம்" என்பதை மட்டும் படித்துவிட்டு, "வெள்ளியாக இருக்கும் தம்பி" என்று பதில் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து, வடக்கே தூரத்தில் இருக்கிற இன்னொரு குழுவினர், அதே இரவு 9.14-க்குத் தங்களுக்குத் தெற்கே ஒரு விண்கல் பச்சையாக எரிந்து போனதாக எழுதினார்கள். இரண்டு இடங்களிலிருந்து திசையும் உயரமும் கிடைத்தால் அது வந்த பாதையைக் கணக்கிடலாம். பையனிடம் திசை இருந்தது. எத்தனை முஷ்டி உயரம் என்று நான் கேட்டிருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு மறுபடி எழுதினேன். அதற்குள் அவன் குழுவை விட்டுப் போயிருந்தான்.