சூடான டீயும் பாலித்தீன் கவரும்

"ரத்தத்தில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்க டெஸ்ட் எழுதிக் கொடுங்கள் டாக்டர்." தருமபுரியில் என்னிடம் வருபவர்கள் சிலர் இப்போது இப்படிக் கேட்கிறார்கள். சிகிச்சைக்கு உதவும் அப்படியொரு பரிசோதனை கிடையாது. பிளாஸ்டிக்கை வெளியேற்றுவதாக விற்கும் பொடிகளுக்கும் ஆதாரம் இல்லை. காசை வீணாக்காதீர்கள்.

ஆனால் அவர்களின் பயத்தைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துணுக்குகள்தான் நுண்நெகிழி. 2022இல் நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்தது. கழுத்து ரத்தக்குழாய் அடைப்பை அறுவை செய்து எடுத்த 257 பேரைப் பற்றி இத்தாலிய மருத்துவர்கள் 2024இல் எழுதினார்கள். 150 பேரின் கொழுப்புப் படிவில் பாலித்தீன் இருந்தது. அடுத்த மூன்றாண்டுக்குள் அவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் நாலரை மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுப் பிளாஸ்டிக்குக்குப் பயப்படுகிறவரிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நம்மால் செய்ய முடிந்தது, சூடான பொருளைப் பிளாஸ்டிக்கில் வாங்காமல் இருப்பது. டீக்கடையில் பார்சல் கேட்டுப் பாருங்கள். கொதிக்கும் டீ மெல்லிய கவருக்குள் இறங்குகிறது, வாயில் நூல் சுற்றுகிறார்கள், வீடு சேர்வதற்குள் கவர் தொளதொளத்துவிடுகிறது. பேப்பர் கப்பின் உள்பக்கத்தை நகத்தால் சுரண்டினால் மெல்லிய ஏடு உரியும், அதுவும் பிளாஸ்டிக்தான். அதில் 100 மில்லி சூடான திரவம் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 துகள்கள் கலக்கும் என்று காரக்பூர் ஐஐடி கண்டது. கவர், பேப்பர் கப் இரண்டுமே 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை, கடைத்தெருவில் அதற்கான அடையாளமே இல்லை. தூக்குப்போசியை எடுத்துச் செல்வதில் என்ன கௌரவக் குறைச்சலோ!

தண்ணீர் விஷயம் இங்கே சிக்கலானது. நிலத்தடி நீரில் கலந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடுக்குப் பயந்து பிளாஸ்டிக் கேன் தண்ணீருக்கு மாறியவர்கள் நாம். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வருகிற வீடுகளில் அதையே சில்வர் குடத்தில் பிடித்து, காய்ச்சி, வடிகட்டிக் குடிக்கலாம். காய்ச்சும்போது படியும் சுண்ணாம்பு நுண்நெகிழியையும் பிடித்துக்கொள்வதாகச் சீன ஆய்வு ஒன்று சொல்கிறது. கடினநீரில் 90 சதவீதம் வரை நீங்குகிறதாம். இதைப் படித்துவிட்டு யாரும் போர்வெல் தண்ணீரைக் காய்ச்சக் கிளம்ப வேண்டாம். ஃப்ளோரைடு கொதியில் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.